கெட்ட நிலமும் கெடாத எலும்பும்

ஒரு நிலத்தை நல்லதென்றும் கெட்டதென்றும் தரம் பிரிக்கிற அதிகாரம், அந்த நிலத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதை எப்படியாவது கடந்து அப்பால் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் வருகிற வழிப்போக்கனுக்கே அது கிடைத்துவிடுகிறது. வட அமெரிக்காவில் தோல் வியாபாரத்துக்காகக் காடும் மேடும் அலைந்த பிரெஞ்சுக்காரர்கள், சமதளமான புல்வெளி நடுவே பிளந்துகொண்டு, செடியற்று, ஈரமற்று, திக்குத் தெரியாத சந்துகளாகக் கிடந்த களிமண் பள்ளங்களைக் கண்டு, குதிரைக்குத் தண்ணீரும் இல்லை, வண்டிக்குத் தடமும் இல்லை என்று நொந்து, 'கடப்பதற்குக் கெட்ட நிலம்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். அதைத்தான் ஆங்கிலத்தில் பேட்லண்ட்ஸ் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இன்று பூகோள சாஸ்திரத்தில் அந்த வகை நிலத்துக்கெல்லாம் அதுவே ஜாதிப் பெயராகிவிட்டது. அப்படிப்பட்ட கெட்ட நிலம் ஒன்றில், கனடா தேசத்து ஆல்பர்ட்டா மாகாணத்தில், சென்ற ஆடி மாதத் தொடக்கத்தில் ஐந்து நாள் வேனில் சுற்றிவிட்டு வந்தேன். வந்த நாள் முதல் ஓர் அபிப்பிராயம் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

வேன் என் யோசனை அல்ல. கால்கரியில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன், "ஓட்டல்ல தங்கினா பகல்ல பார்த்துட்டு ராத்திரி வந்து படுத்துக்குவோம் மாமா. அந்த மண்ணுலயே ராத்திரி இருக்கணும், அப்பத்தான் தெரியும்" என்று சொல்லி, பின்புறம் படுக்கையும் பக்கவாட்டில் ஒரு காஸ் அடுப்பும் வைத்துக் கட்டிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டான். கால் நீட்டினால் தலை இடிக்கிற அந்த வண்டிக்குள், என் வயதை உத்தேசித்து எனக்கும் எட்டு வயதுப் பேத்திக்கும் படுக்கை என்றும், அவனுக்கும் மருமகளுக்கும் பக்கத்தில் கூடாரம் என்றும் ஏற்பாடு. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், இட்லி மிளகாய்ப்பொடி ஒரு டப்பா, பெரிய வாளி ஒன்றில் குடிதண்ணீர் ஆகிய இம்மூன்றையும் மருமகள் எடுத்து வைத்தபோது, நாங்கள் உண்மையாகவே ஒரு பாலைவனத்துக்குப் போகிறோம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

ஆனால் கால்கரியை விட்டு வடகிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓடுகிற அந்தச் சாலையில் பாலைவனத்தின் அறிகுறி எதுவுமே இல்லை. இரண்டு பக்கமும் தொடுவானம் வரையில் கனோலாப் பயிர் பூத்து நின்றது. அது நம் கடுகின் பங்காளி. ஆகவே அதன் மஞ்சள் எனக்குப் பழகிய மஞ்சள்தான், விஸ்தீரணம்தான் பழக்கமில்லாதது. மேடு பள்ளம் என்பதையே அறியாத அந்தச் சமவெளியில், டிரம்ஹெல்லர் என்ற ஊருக்கு 17 கிலோமீட்டர் இருக்கும்போது, மருமகன் வண்டியை ஓரமாக நிறுத்தி எங்களை இறக்கிப் பத்தடி நடத்திக்கொண்டு போனான். வயல் அங்கே முடிந்தது, பூமியும் முடிந்தது. காலடியில் ஒரு பெரும் பள்ளம். அதன் சரிவுகளில் சாம்பல், பழுப்பு, இரும்புத் துருவின் செம்மை, இடையிடையே நிலக்கரியின் கறுப்பு என்று, பட்டுப் புடவையின் கரையைப் போலக் கோடு பிசகாமல் வர்ணங்கள் ஓடின. குதிரை லாடப் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பெயர்.

பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது, மழை பொய்த்துக் காடும் மலையும் தம் குணம் மாறினால் அவையே பாலையாகிவிடும் என்பது நம் முன்னோர் கொண்டிருந்த கருத்து. அந்தச் சரிவின் முனையில் நின்றபோது அதைக் கொஞ்சம் திருத்தி எழுதலாம் போலத் தோன்றிற்று. ஏனென்றால் இங்கே பாலையாகத் திரிந்தது நெய்தல் நிலம். சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வட அமெரிக்கக் கண்டத்தை வடக்கு தெற்காக இரண்டாகப் பிளந்துகொண்டு ஆழமில்லாத ஒரு சமுத்திரம் கிடந்தது. அதன் மேற்குக் கரையில், ஆறுகள் வண்டலைக் கொட்டிய உஷ்ணமான சதுப்பு நிலங்களில், டைனோசர்கள் மேய்ந்தன, ஒன்றையொன்று தின்றன, வெள்ளத்தில் மாண்டு வண்டலில் புதைந்தன. சதுப்பில் மக்கிய செடிகொடிதான் இன்று அந்தக் கறுப்புக் கோடு; மணலும் சேறும் மற்றக் கோடுகள். சமுத்திரம் வற்றி, யுகங்கள் கழிந்து, கடைசிப் பனியுகம் முடியும் தறுவாயில், சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்பு, உருகிய பனிமலைகளின் வெள்ளம் இந்த அடுக்குகளைக் கத்தியால் அறுத்தது போல அறுத்துக்கொண்டு போயிற்று. கோடிக்கணக்கான ஆண்டுகள் என்றதும் மேல்நாட்டுக்காரன் ஒரு காலத்தில் திகைத்துத்தான் போனான். நமக்கு அந்தத் திகைப்பு அவ்வளவாக இல்லை. சதுர்யுகம் ஒன்றுக்கு 43,20,000 ஆண்டுகள் என்று கணக்கு வைத்து, சங்கல்பத்தில் நாள்தோறும் கல்பத்தையே பெயர் சொல்லி அழைக்கிறவர்கள் நாம். பேத்தி கேட்டதற்காக மனத்தில் போட்டுப் பார்த்தேன்: ஏழு கோடி ஆண்டுகள் என்பது பதினாறு சதுர்யுகத்துக்குச் சற்றே அதிகம். அவள் அதை அலட்சியமாக ஏற்றுக்கொண்டாள்.

இந்தப் பிரதேசத்தின் பூர்வகுடிகளான பீகானி மக்கள், மண்ணிலிருந்து துருத்திக்கொண்டு நின்ற அந்தப் பெரிய எலும்புகளை நெடுங்காலமாகவே அறிவார்கள். இவை காட்டெருமைகளின் பாட்டனாருடையவை என்று அவர்கள் சொன்னதாக ஒரு பிரெஞ்சுக் கனடியர் எழுதி வைத்திருக்கிறார். விஞ்ஞான உலகத்துக்கு அந்தச் செய்தி எட்டிய விதம் வேடிக்கையானது. 1884-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கனடா அரசாங்கத்தின் நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜோசப் டிரெல் என்ற இருபத்தைந்து வயது இளைஞர், நிலக்கரி எங்கே இருக்கிறது என்று பார்த்து வரும்படி அனுப்பப்பட்டு, இந்தப் பள்ளத்தாக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, சரிவில் ஒரு மண்டையோடு பல்லை இளித்துக்கொண்டு அவரை எதிர்கொண்டது. கரி தேடப் போனவருக்குக் கரியும் கிடைத்தது, எலும்பும் கிடைத்தது. ஆல்பர்ட்டா தனி மாகாணமான 1905-ஆம் ஆண்டிலேயே அந்த மிருகத்துக்கு ஆல்பர்டோசோரஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. டிரெல் அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஜீவித்திருந்து 1957-இல் காலமானார்.

டிரம்ஹெல்லர் ஊரின் ஜாதகமும் அந்த இளைஞருடைய அனுபவத்தைப் போலத்தான். 1911 முதல் 1979 வரை இந்தப் பள்ளத்தாக்கில் 139 நிலக்கரிச் சுரங்கங்கள் பதிவு பெற்றிருந்தன. எண்ணெயும் எரிவாயுவும் வந்தபின் கரிக்குக் கிராக்கி போயிற்று, ஊர் அநாதையாயிற்று. அப்புறம் அது எலும்பைப் பிடித்துக்கொண்டது. எப்படிப் பிடித்துக்கொண்டது என்றால், மளிகைக் கடை வாசலில் ஒரு டைனோசர், தீயணைப்பு நிலையத்தருகே ஒரு டைனோசர், தெருமுனையில் டைனோசர், என்று ஊரே ஒரு கொலு மண்டபமாகிவிட்டது. ஊர் நடுவே 26 மீட்டர் உயரத்தில், வயிற்றுக்குள் 106 படிகள் ஏறி வாய் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும்படி ஒரு மாபெரும் டிரனோசோரஸ் ரெக்ஸ் நிற்கிறது. உண்மை மிருகத்தைப் பலமடங்கு பெருக்கிய உருவம். ஆல்பர்டோசோரஸ் பிறந்த மண்ணில் அதன் பிரபலமான சொந்தக்காரனுக்குச் சிலை வைத்திருக்கிறார்களே என்று எனக்குச் சிறிது எரிச்சல்தான். படியேறி மூச்சு வாங்கி அதன் பற்களுக்கிடையே நின்றபோது, பேத்தி கூச்சலிட்ட கூச்சலில் அந்த எரிச்சலை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டேன். ரசனைக் குறைவு என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் சுரங்கம் மூடிப்போன ஓர் ஊர் வயிறு வளர்க்க வேறு என்ன செய்யும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

எலும்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது இனிமேல்தான். ஊருக்கு வடக்கே ரெட் டீர் ஆற்றைக் கடக்க, 1913 முதல் கம்பியில் கட்டி இழுக்கிற ஓடம் ஒன்று நடக்கிறது. ஆங்கிலக் கால்வாயை முதலில் விமானத்தில் கடந்த பிளெரியோவின் சகோதரர் பெயர் அதற்கு. அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் ஆகாயத்தில் கடந்தார், மற்றவர் பெயரில் ஓடம் கடக்கிறது. அந்த ஓடத்தின்மேல் எங்கள் வேன் ஏறி நின்று, கலங்கல் தண்ணீர் சக்கரத்தருகே சலசலத்துக்கொண்டு போனபோது, நூறாண்டுக்கு முன் இதே ஆற்றில் இன்னொரு வீடு மிதந்து போனது நினைவுக்கு வந்தது. நியூயார்க் அருங்காட்சியகத்தின் பார்னம் பிரவுன் என்பவர் 1910-இல் சுமார் முப்பதடி நீளத்தில் ஒரு தட்டைப் படகு கட்டி, அதன்மேல் கூடாரம் அடித்து, சமையல் அடுப்பும் வைத்துக்கொண்டு, ஆற்றின் போக்கிலேயே மிதந்து, எலும்பு தெரிகிற இடத்தில் கரை ஒதுங்கித் தோண்டினார். எங்கள் வேனுக்கு மூதாதை அந்தப் படகுதான். எலும்பெல்லாம் அந்நிய தேசத்துக்குப் போகிறதே என்று கனடாவில் முணுமுணுப்பு எழுந்தது. அரசாங்கம் 1912-இல் சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க் என்பவரையும் அவருடைய புதல்வர்களையும் அமர்த்தியது. ஒரே ஆற்றில் இரண்டு கோஷ்டிகள் போட்டி போட்டுக்கொண்டு தோண்டின.

இந்த ஸ்டெர்ன்பெர்க் பற்றி ஒரு செய்தி, நம்மவர்களுக்கு ரசிக்கத் தகுந்தது. எலும்புகள் கல்லாகிவிட்டாலும் ஆயிரம் விரிசல்களோடு கிடப்பவை. அப்படியே தூக்கினால் பொடியாகிவிடும். 1876-இல் மோன்டானாவின் கெட்ட நிலத்தில் தோண்டிக்கொண்டிருந்த இளைஞர் ஸ்டெர்ன்பெர்க்கும் கூட்டாளிகளும், கையிலிருந்த அரிசியைக் குழையக் காய்ச்சி, அந்தக் கஞ்சியில் சாக்குத் துணியை நனைத்து, எலும்பைச் சுற்றிக் கட்டுப் போட்டார்கள். பின்னர் கஞ்சிக்குப் பதில் சுண்ணச்சாந்து வந்தது. இன்றைக்கும் அதுதான் முறை. கையொடிந்த குழந்தைக்கு மாவுக்கட்டுப் போடுகிற அதே வைத்தியத்தைச் செத்து ஏழு கோடி ஆண்டான பிராணிக்குச் செய்கிறார்கள்.

அவ்வளவு பத்திரமாகக் கட்டிய எலும்புகள் எங்கே போயின? நியூயார்க்குக்கும், ஆட்டவாவுக்கும், டொரான்டோவுக்கும், லண்டனுக்கும் போயின. சில லண்டனுக்குப் போய்ச் சேரவும் இல்லை. 1916 டிசம்பரில், ஸ்டெர்ன்பெர்க் பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்பிய டைனோசர் எலும்புகளை ஏற்றிக்கொண்டு அட்லான்டிக் சமுத்திரத்தில் போய்க்கொண்டிருந்த மவுன்ட் டெம்பிள் என்ற கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று மூழ்கடித்துவிட்டது. நாலாண்டுக்கு முன் டைட்டானிக் கப்பலின் அபயக் குரல் கேட்டு விரைந்த கப்பல்களுள் இதுவும் ஒன்று. சமுத்திரக் கரையில் புதைந்து, கண்டத்தின் நடுவில் எழுந்து வந்த எலும்புகள் மறுபடி சமுத்திரத்துக்கே போய்விட்டன. எலும்பு தொலைந்தது ஒரு பக்கம் இருக்க, எலும்பு இருந்தும் இடம் தொலைந்த கதை இன்னும் விசேஷமானது. பிரவுன் 1910-இல் ஒரே குழியில் பல ஆல்பர்டோசோரஸ்கள் சேர்ந்து கிடப்பதைக் கண்டு, அவற்றில் சில எலும்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அவை நியூயார்க்கில் பத்திரமாக இருந்தன, ஆனால் அந்தக் குழி எங்கே என்பது பின்னால் வந்தவர் யாருக்கும் தெரியாமல் போயிற்று. 1997-இல் பிலிப் கரி என்ற ஆராய்ச்சியாளர், பிரவுன் எடுத்த பழைய புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, குன்றுக்குக் குன்று ஒப்பிட்டுத் தேடி அதைக் கண்டுபிடித்தார். இந்தக் கொடிய விலங்குகள் தனித்துத் திரிந்தனவா, கூட்டமாகத் திரிந்தனவா என்ற கேள்வியே அந்தக் குழி மறுபடி கிடைத்த பிறகுதான் உயிர் பெற்றது.

கரி அப்போது வேலை பார்த்தது, டிரம்ஹெல்லருக்கு வெளியே 6 கிலோமீட்டரில், அதே களிமண் குன்றுகளுக்கு நடுவில், 1985-இல் திறக்கப்பட்ட டிரெல் அருங்காட்சியகத்தில். அதற்கு முன்பே 1978-இல் ஆல்பர்ட்டா அரசாங்கம் தன் பாரம்பரியச் சொத்துச் சட்டத்தில் புதைபடிவங்களையும் சேர்த்துவிட்டது. அதன்படி மாகாணத்தின் மண்ணிலிருந்து கிடைக்கிற எலும்பு எதுவானாலும் அது மக்களின் உடைமை; நிலத்துக்காரர் அனுமதியோடு தரைமேல் கிடக்கிற ஒன்றை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்தவர் அதற்கு எஜமானர் ஆகமாட்டார், கோயில் சொத்துக்குத் தர்மகர்த்தா எப்படியோ அப்படித்தான். விற்கவோ மாகாணத்தை விட்டு வெளியே கொண்டுபோகவோ அரசாங்கத்தின் உத்தரவு வேண்டும்; மண்ணைத் தோண்டி எடுப்பதோ தகுதி பெற்ற ஆராய்ச்சியாளருக்கு மட்டும்.

சட்டம் எழுதுவது எளிது. நம் நாட்டில் அதற்குக் குறைவே இல்லை. அந்த அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் பிரம்மாண்டமான எலும்புக்கூடுகளின் கூடமல்ல, கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்த ஓர் அறை. பல் வைத்தியர் கருவியைப் போன்ற ஒன்றைக் கையில் பிடித்து, ஒருவர் குனிந்து, ஒரு பாறையிலிருந்து மணலைத் துளித்துளியாக நீக்கிக்கொண்டிருந்தார். நான் நின்ற அரைமணி நேரத்தில் அந்தப் பாறையில் எந்த மாறுதலும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. 2011-இல் வடக்கே எண்ணெய் மணல் தோண்டுகிற ஒரு சுரங்கத்தில், எந்திரம் ஓட்டிய தொழிலாளி ஒருவர் மண்ணின் நிறம் வித்தியாசமாக இருப்பதைக் கண்டு எந்திரத்தை நிறுத்தினார். அப்படிக் கிடைத்த கவச டைனோசரின் தோல் செதில்கள் உட்பட எல்லாவற்றையும் கல்லிலிருந்து பிரித்தெடுக்க, மார்க் மிட்செல் என்ற தொழில்நுட்பர் ஐந்தாண்டுக்கு மேலாகச் சுமார் 7,000 மணி நேரம் உழைத்தார். அந்த மிருகத்துக்குப் பெயர் வைத்த விஞ்ஞானிகள் அதன் இனப் பெயரில் அவருடைய பெயரையே சேர்த்துவிட்டார்கள். ஸ்தபதியின் பெயர் தெரியாத ஆயிரம் கோபுரங்களுக்குக் கீழே வளர்ந்த எனக்கு, பெயர்ப் பலகையில் அதைப் படித்தபோது சிறிது வெட்கமாகக்கூட இருந்தது.

என் அபிப்பிராயம் இதுதான்: எலும்பு எந்த மண்ணில் கிடைத்ததோ அந்த மண்ணிலேயே இருக்க வேண்டும்; அதைக் காக்கிற கைகளும் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். இதற்கு ஆட்சேபணை உண்டு என்பதை அறிவேன். தலைநகரத்துப் பெரிய அருங்காட்சியகத்தில் வைத்தால் லட்சக்கணக்கானவர் பார்ப்பார்களே, பொட்டல் காட்டில் வைத்து யாருக்குக் காட்டுவது என்பார்கள். நியூயார்க்குக்குப் போன எலும்புகள் அங்கே அழியவில்லை, நன்றாகவே இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனாலும், எலும்பை எலும்பாக மட்டும் பார்த்தால்தான் அந்த வாதம் செல்லும். அது எந்த அடுக்கில், எந்தப் பக்கம் தலை வைத்து, எதன் அருகில் கிடந்தது என்பதுதானே அதன் கதை. அந்தக் கதையில் பாதி எப்போதும் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மேலும், இப்படிப்பட்ட நிலம் ஒரு தடவை தோண்டி முடிந்து போகிற சுரங்கமல்ல. மழையும் உறைபனியும் அரித்து அரித்து, ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் வீதம் இந்தக் குன்றுகள் கரைகின்றன. அதனாலேயே புதிது புதிதாக எலும்பு வெளிப்படுகிறது, வெளிப்பட்ட எலும்பை அதே மழை சில ஆண்டுகளில் நொறுக்கியும் விடுகிறது. இரண்டுக்கும் நடுவிலிருக்கிற சொற்ப அவகாசத்தில் அந்தப் பக்கமாக நடந்துபோகக் கண்ணுள்ள ஒருவர் வேண்டும். தலைநகரத்தில் இருக்கிறவருக்கு அது சாத்தியமில்லை.

நான்காம் நாள் ஆற்றின் போக்கில் தென்கிழக்கே இறங்கி, டைனோசர் மாகாணப் பூங்காவுக்குப் போனோம். 1955-இல் பூங்காவாகி, 1979 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமாக இருக்கிற இடம். டிரம்ஹெல்லரைவிடப் பழமையான, ஏழரைக் கோடி ஆண்டுக் கணக்கிலுள்ள அடுக்குகள். பெரும்பகுதிக்குள் காவலர் துணையின்றி யாரும் நுழைய முடியாது. மற்ற இடத்தில் நடைபாதைகள் உண்டு. பள்ளத்தாக்கின் அடியில், ஓடையோரத்தில், நம் ஊர் அரச மரம் போலச் சலசலக்கிற இலைகளுடைய காட்டன்வுட் மரங்களின் நிழலில் வேனை நிறுத்திவிட்டு, வெயில் தாழ்ந்ததும் நடந்தோம். தலையில் கல்தொப்பி வைத்த மண் தூண்கள் வரிசையாக நின்றன, தரையில் சப்பாத்திக்கள்ளி, காய்ந்த களிமண் மேற்பரப்பு பொரி உருண்டையைப் போல வெடித்து, காலின்கீழ் நொறுநொறுவென்றது. பேத்திதான் முதலில் பார்த்தாள். பாதையின் ஓரத்தில், விரல் நீளத்துக்கு, ஈரச் செங்கல் நிறத்தில், உள்ளே தேனடை போல நுண்ணிய துளைகளோடு ஒரு துண்டு. "நாக்குல வெச்சுப் பாரு, எலும்பா இருந்தா ஒட்டிக்கும், கல்லா இருந்தா ஒட்டாது" என்று மருமகன் சொல்ல, அவள் மறுவிநாடியே நாக்கில் வைத்துவிட்டாள், ஒட்டிக்கொண்டது. "சீ, கீழே போடு! எந்தக் காலத்து அழுக்கோ!" என்று மருமகள் பதறினாள். எந்தக் காலத்து அழுக்கு என்பது அங்கே பலகையில் எழுதியிருந்தது.

குழந்தை அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். எதிரே வந்த பூங்காக் காவல் பெண்மணி அதட்டவில்லை. குனிந்து, எங்கே எடுத்தாய், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று விசாரித்து, படம் ஒன்று எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் அதே விதமாக வைத்துவிடு என்றாள். பேத்திக்குக் கண் கலங்கிவிட்டது. நாம் எல்லோரும் கைக்குட்டையில் முடிந்துகொள்கிற ஜாதிதானே. திருவிழாவில் கிடைத்த மயிலிறகு முதல் பாழடைந்த கோயிலின் உடைந்த சிற்பம் வரையில் முடிந்துகொண்டு வந்தவர்கள்தானே. ஆனாலும் அவள் இருபதடி திரும்பிப் போய், பதிந்திருந்த பள்ளத்தைத் தேடி, புரட்டிப் புரட்டிப் பார்த்து, சரியான பக்கம் மேலே வரும்படி வைத்துவிட்டு வந்தாள்.

அன்று இரவு மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்திலிருந்த இருவரும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு வேனுக்குள் ஓடி வர, நான்கு பேரும் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கூரைத் தகட்டில் மழை விழுகிற சத்தத்துக்கு நடுவே என் மனம் கல்லமேட்டுக்குப் போய்விட்டது.

கல்லமேடு அரியலூர் மாவட்டத்திலுள்ள ஒரு சிற்றூர். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் சமுத்திரம் வந்து போன காலமும் இதே டைனோசர்களின் யுகம்தான். காரை ஊரின் பக்கம் போனால், கிழிந்து கிடக்கும் அந்தக் களிமண் ஓடைகளுக்கும் ஆல்பர்ட்டாவின் பள்ளங்களுக்கும் அண்ணன் தம்பி ஜாடை இருப்பதை யாரும் காணலாம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அடிமரத்தை 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். கல்லமேட்டில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு பெரும் பிராணியின் எலும்புகளைக் கண்டார்கள். முழங்காலுக்குக் கீழான எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் நீளம் என்று பதிவு செய்தார்கள். 1980-களில் அதற்கு அவர்கள் வைத்த பெயர் புருகத்காயோசோரஸ்: பிருஹத் காயம், பேருடல். அந்த அளவு சரியானால், பூமியில் நடந்த மிகப் பெரிய பிராணிகளில் அது ஒன்று. ஆனால் சரிபார்க்க எலும்பு இல்லை. ஈரக் களிமண்ணிலிருந்து எடுத்த அந்த எலும்புகள் கட்டுக்குள்ளேயே பொடிந்து போயின. மிச்சம் இருப்பவை வரைபடங்களும் மங்கிய சில புகைப்படங்களுமே. உலகத்து டைனோசர் அறிஞர்கள் இன்றைக்கும் அந்தப் பெயரைக் குறிப்பிடும்போது பக்கத்தில் ஒரு சந்தேகக் குறியைப் போட்டுத்தான் எழுதுகிறார்கள்.

கண்டுபிடித்த இருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கையிலிருந்ததைக் கொண்டு செய்ய முடிந்ததை அவர்கள் செய்தார்கள். கட்டுப் போட்ட எலும்பை அன்றைக்கே கொண்டுபோய் வைத்து, சாவகாசமாகப் பிரித்து, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் 7,000 மணி நேரம் குனிந்திருக்க ஓர் ஆளும், ஓர் அறையும் பக்கத்தில் இல்லை என்பதுதான் குறை. இன்று வாரணவாசியில் ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. புவிப் பாரம்பரியத் தலங்களைக் காக்க 2022-இல் ஒரு வரைவு மசோதாவும் வெளியாயிற்று. நல்லது. ஆனால் மண்ணை அறிந்து ஆண்டு முழுவதும் அங்கேயே நடக்கிற ஆராய்ச்சியாளர்களும், கட்டுப் போடக் கற்ற உள்ளூர்ப் பிள்ளைகளும், எலும்பைச் சுத்தம் செய்கிற ஒரு கூடமும் அங்கேயே வேண்டும். சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற சுரங்கங்கள் நிறைந்த மாவட்டம் அது. எந்திரம் ஓட்டுகிற தொழிலாளிக்கு, மண்ணின் நிறம் மாறினால் நிறுத்து, நிறுத்தினால் உன் கூலி குறையாது என்று நாம் சொல்லி வைத்திருக்கிறோமா? ஜனங்களுக்கு ஆவல் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2020-இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. அவை அம்மோனைட் என்ற கடற்பிராணியைச் சுற்றி இறுகிய கற்கள் என்று நிபுணர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்தது. முட்டை இல்லை என்று சொல்ல ஆள் வந்தார்கள். அது என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு மறுநாளும் மறுவாரமும் சொல்லிக்கொண்டிருக்க ஓர் ஆள் அந்தப் பக்கத்தில் இருந்திருந்தால், அவர்களில் ஒரு மார்க் மிட்செல் தேறியிருக்கலாம்.

விடிந்து பார்த்தால் நடைபாதை மூடியிருந்தது. எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான பென்டோனைட் என்ற களிமண் அங்கே அதிகம். நனைந்தால் ஊதிப் பெருத்து, சோப்பைப் பூசியது போல வழுக்கும், செருப்போடு ஒட்டிக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் கால் கனக்கும். ஓடைக்கு முகம் கழுவப் போய்வந்த பத்து நிமிஷத்தில் எங்கள் எட்டுப் பாதங்களும் யானைப் பாதங்களாகிவிட்டன. நேற்று வைத்த எலும்பு இந்த மழையில் என்ன ஆயிற்றோ என்று பேத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். போய்ப் பார்க்க வழியில்லை. நண்பகல் வரை காத்திருந்து, வெயிலில் சாலை இறுகியதும் மேலே ஏறினோம். ஏறி அரை நிமிஷம் ஆவதற்குள் பள்ளத்தாக்கு முழுவதும் மறைந்து, அப்படி ஒன்று இருந்த சுவடே இல்லாமல், புல்வெளி இரு பக்கமும் சமதளமாக நின்றது.

புரூக்ஸ் என்ற ஊரில் பெட்ரோல் போட நிறுத்தியபோது, சக்கரங்களிலும் மிதியடியிலும் கல்லாக இறுகியிருந்த சேற்றை மருமகன் ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். பேத்தி தன் காலணியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, அடியில் அப்பியிருந்த சாம்பல் நிறக் கட்டியை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, இதையும் திருப்பிக் கொண்டுபோய் வைக்கணுமா?"